கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த ஜன்னல்

இங்கிலாந்தின் யார்க்‌ஷையர் மேட்டுநிலத்தில் நடந்துபோனால் ஓரிடத்தில் வழிகாட்டிப் பலகை ஒன்று வரும். ஆங்கிலத்துக்குக் கீழே ஜப்பானிய எழுத்து. சுற்றிலும் புல், சகதி, செம்மறியாடு, காற்று. பலகை கைகாட்டும் திசையில் கூரையில்லாத பண்ணைவீடு ஒன்றின் கற்சுவர்கள்தான் நிற்கின்றன. டோக்கியோவிலிருந்து ஆள் வந்து இந்தக் குட்டிச்சுவரைப் பார்க்கக் காரணம் ஒரு நாவல். எமிலி பிராண்ட்டி ‘வுதரிங் ஹைட்ஸ்’ எழுதியபோது இந்த இடத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தார் என்று ஒரு நம்பிக்கை. கதையில் வரும் வீட்டுக்கும் இதற்கும் கட்டட ஒற்றுமை ஏதும் இல்லை. இருந்தாலும் போகிறார்கள்.

அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் போலத் திரும்பி நடந்தால் ஹாவர்த் என்ற ஊர். அங்கேதான் எமிலி வளர்ந்த குருமனை, அதாவது பாதிரியாரான தகப்பனாரின் வீடு, இருக்கிறது. 1928 முதல் அருங்காட்சியகம். நம் ஆட்களுக்கும் இந்த வீட்டோடு ஒரு தூரத்து உறவு உண்டு. 1969-ல் ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்து வந்த ‘சாந்தி நிலையம்’ படத்தின் மூலக்கதை, எமிலியின் அக்கா சார்லட் எழுதிய ‘ஜேன் அயர்’. 1847 அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் இந்த ஒரே வீட்டிலிருந்து ‘ஜேன் அயர்’, ‘வுதரிங் ஹைட்ஸ்’, கடைக்குட்டி ஆன் எழுதிய ‘ஆக்னஸ் கிரே’ என மூன்று நாவல்கள் அச்சேறின. அதற்கு முந்தைய ஆண்டு மூவரும் கைக்காசு போட்டு வெளியிட்ட கவிதைத் தொகுப்பு ஆரம்பத்தில் விற்றது இரண்டே பிரதிகள்.

இலக்கியம் படித்தவர்கள் இந்த வீட்டைக் கோயில் போலச் சுற்றிவருகிறார்கள். சுற்ற வேண்டியதுதான். ஆனால் வாசலில் நின்று எதிரே பார்த்தால் தெரிகிற இன்னொரு கதைக்குப் பெரும்பாலோர் திரும்புவதில்லை. வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் நடுவே, முன்தோட்டத்துச் சுவரைத் தொட்டுக்கொண்டு, நெருக்கி அடுக்கிய கல்லறைகள். குருமனையின் முன்ஜன்னல் ஒவ்வொன்றும் அதைப் பார்த்தே திறக்கிறது. எனக்கு இந்த வீடு முதலில் ஒரு மருத்துவ ஆவணம், பிறகுதான் இலக்கியத் தலம்.

முதலில் உள்ளே போய்விடுவோம். கூடத்துக்கு இடப்பக்கம் சாப்பாட்டு அறை. நடுவில் ஒரு மேசை. சகோதரிகள் மூவரும் எழுதியது இதன்மேல்தான். பரப்பில் மைக்கறை இருக்கிறது. மெழுகுவத்தி எரித்த தழும்பு ஒன்று. ஓரிடத்தில் யாரோ கீறிய ஒற்றை ஆங்கில எழுத்து, எமிலி பெயரின் முதலெழுத்து. தகப்பனார் இறந்ததும் வீட்டுச் சாமான்களோடு ஏலத்தில் போன மேசை, 2015-ல் 5,80,000 பவுண்டுக்கு நிரந்தரமாக அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது.

இரவு ஒன்பது மணிக்குத் தகப்பனார் பேட்ரிக் படுக்கப்போகும் வழியில், மாடிப்படியில் நிற்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். அதன்பிறகு பெண்கள் மூவரும் எழுதியதை எடுத்துவைத்துவிட்டு இந்த மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி கதையைப் பேசுவார்கள். 1848 செப்டம்பரில் அவர்களின் சகோதரன் பிரான்வெல் இறந்தான், வயது 31. டிசம்பரில் எமிலி, 30. அடுத்த மே மாதம் ஆன், 29. எட்டே மாதம். அதற்குப் பிறகு இரவில் சார்லட் தனியாக அந்த மேசையைச் சுற்றி நடக்கும் காலடிச் சத்தத்தை வேலைக்காரப் பெண் கேட்டிருக்கிறாள்.

வீட்டில் கூட்டம் மொய்க்கும் இன்னொரு பொருள் தீப்பெட்டி அளவே இருக்கும். 35 மில்லிமீட்டர் அகலம், 61 மில்லிமீட்டர் உயரம். 1830-ல், பதினான்கு வயதில், சார்லட் தைத்துக் கட்டிய கையெழுத்துப் பத்திரிகை. அதற்குள் 4,000-க்கும் மேற்பட்ட சொற்கள். அச்செழுத்தைப் போலவே பாவித்து எழுதியது. பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. 2019-ல் பாரிஸ் ஏலத்தில் இதற்கு ஆறு லட்சம் யூரோ கொடுத்தார்கள். ஏன் இத்தனை சிறிதாக? தகப்பனார் 1826-ல் பிரான்வெல்லுக்கு வாங்கிவந்த மரச் சிப்பாய்ப் பொம்மைகள் படிப்பதற்காக எழுதிய பத்திரிகை அது. பொம்மையின் கைக்கு ஏற்ற அளவு. காகிதம் விலை கூடிய காலம் என்பது இன்னொரு காரணம். பெரியவர்கள் கண்ணுக்குத் தப்பும் என்பது மூன்றாவது. அந்த வயதுப் பிள்ளைகளை அறிந்தவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட பொருள்கள் இருக்கும் அறைகளில் வெளிச்சம் மங்கலாகவே இருக்கும். ‘லைட்டைப் போட்டால் என்ன’ என்று கேட்கத் தோன்றும். வெளிச்சம் என்பது மெல்லத் தின்னும் கரையான். ஒளித்துகள் ஒன்று சாயத்தின் மூலக்கூறில் மோதி ஒரு பிணைப்பை உடைத்தால் அது திரும்ப ஒட்டாது. நாளொன்றுக்கு ஒரு சிட்டிகை என்று சேதம் சேர்ந்துகொண்டே போகும். அதனால் காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் போதும் என்று உலகெங்கும் அருங்காட்சியகங்கள் கணக்கு வைத்திருக்கின்றன. நண்பகல் வெயிலில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கண்ணாடிப் பெட்டிக்குள் பத்து மணி நேரம் வாங்கும் ஒளியைச் சார்லட்டின் கவுன் வெளிமுற்றத்தில் பதினெட்டே விநாடியில் வாங்கிவிடும்.

மையும் தன் பங்குக்குக் காகிதத்தைத் தின்கிறது. அந்தக் காலத்து மை நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் இரண்டு சரக்கால் ஆனது: மாசிக்காய், அன்னபேதி. மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து காற்றுப் பட்டதும் கறுக்கும். எழுதும்போது வெளிறித் தெரிந்து, பிறகு கறுத்துக் காகிதத்துக்குள் இறங்கி உட்காரும், அழிக்க முடியாது. அந்தக் கலவையில் புளிப்பு அதிகம். அமிலமும் இரும்பும் சேர்ந்து நூற்றாண்டுக் கணக்கில் நாரை அரிக்க, சில பழைய ஏடுகளில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகவே உதிர்ந்துபோகிறது. ஈரம் கூடினால் அரிப்பு வேகமெடுக்கும். மழைக்குப் பேர்போன மேட்டுநிலத்தில் இதைக் காத்துவைப்பது லேசான வேலை இல்லை.

அந்த மழைதான் இந்த வீட்டுக் குழந்தைகளை ஒருமுறை கிட்டத்தட்டக் கொண்டுபோயிருக்கும்.

1824 செப்டம்பர் 2. பிரான்வெல், எமிலி, ஆன் மூவரும் வேலைக்காரப் பெண்ணோடு மேட்டுநிலத்தில் உலாவப் போயிருந்தார்கள். வானம் கறுத்தது. தகப்பனார் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். தூரத்தில் வெடிச்சத்தம், அறை அதிர்கிறது. க்ரோ ஹில் என்ற குன்றின் சதுப்பு வெடித்துக் கறுப்புச் சேறு பள்ளத்தாக்கில் பாய்ந்தது. பாலங்கள் உடைந்தன, பாறைகள் உருண்டன. குழந்தைகள் எப்படியோ பிழைத்து வந்தார்கள். பேட்ரிக் பத்து நாள் கழித்து ஆராதனையில் இது பூகம்பம் என்றே பிரசங்கம் செய்தார், அச்சிட்டும் வெளியிட்டார்.

பூகம்பம் இல்லை. அந்த மேட்டுநிலம் முழுக்க, பாதி மக்கிய பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து ஆன கரிச்சேறு. பார்க்கத் தரை மாதிரி இருக்கும். எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெயில் காய்ந்தால் மேலோடு வெடிப்பு விடும். பிறகு கொட்டும் மழை வெடிப்பு வழியாக அடிக்கு இறங்கி, கரிச்சேற்றுக்கும் பாறைக்கும் நடுவே புகுந்து, முழுப் படலத்தையும் தெப்பம் போலத் தூக்கிவிடும். சரிவு வேறு இருந்தால் அவ்வளவுதான். நம் நீலகிரியில் மண்சரிவு பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

தகப்பனாரின் அறிவியல் அன்றைக்குத் தவறிப்போனது. ஆனால் இந்த மனிதரை அத்தோடு எடைபோட்டுவிடக் கூடாது. அயர்லாந்தின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, படித்துக் கேம்பிரிட்ஜ் வரை போனவர். 1820-ல் மனைவியோடும் ஆறு குழந்தைகளோடும் ஹாவர்த் வந்தார். அடுத்த ஆண்டே மனைவி இறந்தார். பேட்ரிக் கையோடு வைத்திருந்த வீட்டு வைத்தியப் புத்தகத்தின் ஓரமெல்லாம் அவர் எழுதிய குறிப்புகள். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, பலன் இருந்ததா என்று ஒரு டாக்டரைப் போல எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் குறிப்புகளில் அவருடைய கண்ணைப் பற்றியதும் உண்டு. கண்புரை முற்றி, 1846-ல் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. சார்லட் அவரை மான்செஸ்டருக்கு அழைத்துப்போனார். ஆகஸ்ட் 25 அன்று அறுவை. பாவையை விரிக்க பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சாறு; அது ஐந்து விநாடி கடுமையாக எரித்ததாம். பிறகு கத்தி. பதினைந்து நிமிடம் விழித்த நிலையில், மயக்க மருந்து இல்லாமல். ஈத்தர் கொடுத்து மயக்கி அறுவை செய்யலாம் என்று பாஸ்டனில் ஊரறியக் காட்டியது அதே ஆண்டு அக்டோபர் 16-ல்தான். ஏழு வாரம் முந்திவிட்டார் மனிதர். எரிச்சல்தான், தாங்க முடியாததில்லை என்று குறித்திருக்கிறார். பல வாரம் இருட்டறையில் அசையாமல் படுத்திருந்தார். பக்கத்து அறையில் சார்லட் சும்மா இருக்க முடியாமல் ஒரு புதுக்கதையைத் தொடங்கினார். அதுதான் ‘ஜேன் அயர்’. கதாநாயகன் ராச்செஸ்டர் முடிவில் கண்ணிழந்து, பிறகு ஒரு கண்ணில் பார்வை திரும்பப் பெறுவது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை.

பார்வை திரும்பியது. அந்தக் கண்ணால் அவர் பார்த்தது, முன்ஜன்னலுக்கு வெளியே இருந்ததை.

ஹாவர்த் கம்பளி நெசவு பெருத்து வளர்ந்த ஊர். ஜனம் பெருகியது, சாக்கடை வரவில்லை. கழிவு தெருவோரம் வழிந்தது. 24 வீடுகளுக்கு ஒரே கழிப்பிடம் என்ற இடமும் இருந்தது. கோடையில் கிணற்றடியில் ஏழைப் பெண்கள் விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கே பாத்திரத்தோடு காத்துக் கிடந்தார்கள். நமக்கு இதை விளக்க வேண்டாம். அப்படிக் காத்துப் பிடித்த தண்ணீர் சில நாள் பச்சை பூத்து நாறியதால் மாடுகூட வாய் வைக்கவில்லை. குருமனைக்குத் தனிக் கிணறு இருந்தது. அது மட்டும் என்ன வாழ்ந்தது? 1847-ல் தூர்வாரியபோது, தண்ணீரை மஞ்சளாக்கிக்கொண்டிருந்த எட்டுத் தகர டப்பாக்கள் துருப்பிடித்துக் கிடந்தன. இருபது ஆண்டுகளாக யாரும் அதைத் தூர்வாரவில்லை.

1848-ல் இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. வரி கட்டுபவர்களில் பத்தில் ஒருவர் கையெழுத்திட்டு மனு கொடுத்தால் லண்டனிலிருந்து ஆய்வாளர் வருவார். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த கையோடு, 1849-ல் பேட்ரிக் மனுவுக்குக் கையெழுத்துச் சேகரித்தார். பதில் தாமதமாக, மறுபடி மறுபடி கடிதம் எழுதினார். 1850 ஏப்ரலில் பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ் வந்தார். கணிப்பொறிக்கு முன்னோடி என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோமே சார்லஸ் பாபேஜ், அவருடைய மகன்.

பாபேஜ் வீடு வீடாகப் புகுந்து எண்ணி எழுதிய அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஹாவர்த்தில் பிறந்த குழந்தைகளில் 41.6 சதவீதம் ஆறு வயதைத் தொடாமலே இறந்தன. இறப்பவர்களின் சராசரி வயது 25.8. குருமனைக்கு எதிரே உள்ள மண்ணில் பத்தாண்டுகளில் 1,344 பேரைப் புதைத்திருந்தார்கள். மூன்று நாளுக்கு ஒரு சவ அடக்கம் என்பதைவிடவும் சற்று அடிக்கடி. தேவாலயத்து வெட்டியானே கல்தச்சரும்கூட. அவருடைய பட்டறை சந்துக்கு அந்தப் பக்கம். கல்லறை எழுத்துப் பொளியும் உளிச்சத்தம் எப்போதும் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு தப்புக்கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். ‘சராசரி 25 என்றால் எமிலியும் ஆனும் ஊர் வழக்கப்படி நிறையவே வாழ்ந்துவிட்டார்கள்’ என்று பலர் எழுதுகிறார்கள். சராசரியைக் கீழே இழுத்தது குழந்தைகளின் சாவு. அந்த 41.6 சதவீதத்தை ஒதுக்கிவிட்டு மீதிப்பேருக்குக் கணக்குப் போட்டால் சராசரி நாற்பதைத் தாண்டும். முப்பதில் போனது அந்த ஊரிலும் அற்பாயுள்தான்.

இன்னொன்று. கல்லறை ஊறிய தண்ணீரைக் குடித்துத்தான் பிராண்ட்டி குடும்பம் அழிந்தது என்பார்கள். கதைக்கு நன்றாக இருக்கிறது. கெட்ட தண்ணீர் கொண்டுவருவது டைபாய்டு, வயிற்றுப்போக்கு, காலரா. எமிலியையும் ஆனையும், அநேகமாகப் பிரான்வெல்லையும் கொண்டுபோனது எலும்புருக்கி என்று நம் பாட்டிமார் சொல்லும் காசநோய். அது தண்ணீரில் வருவதில்லை, மூச்சில் வருகிறது. இருமும்போது தெறிக்கும் நுண்துளி காய்ந்து கிருமியோடு காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய சின்ன அறை, கட்டிலைப் பங்குபோடும் சகோதரிகள். கிருமிக்கு இதைவிட வசதி வேண்டாம். சாதாரணக் குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்குப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் ஆகும். அவசரமே இல்லாத கிருமி. உடம்புக்குள் பல ஆண்டுகள் தூங்கும். மூத்த பெண்கள் மரியாவும் எலிசபெத்தும் விடுதிப் பள்ளிக்குப் போய், நோயோடு வீடு வந்து 1825-ல் இறந்தார்கள், பதினொன்றும் பத்தும் வயது. அதே பள்ளியில் சார்லட்டும் எமிலியும் இருந்தார்கள். அன்று நுழைந்த கிருமி இருபத்து மூன்று ஆண்டு கழித்து விழித்திருக்கவும் கூடும். ராபர்ட் கோச் இந்தக் கிருமியைக் கண்டு சொன்னது 1882-ல். அதுவரை இது பரம்பரை என்றும், சோகம் முற்றினால் வருவது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வீட்டுக்குள் ஒருவருக்கு வந்தால் மற்றவர்கள் கதி என்ன என்ற கேள்விக்கு நல்ல விடை கிடைத்தது சென்னையில் என்பது நமக்கே பலருக்குத் தெரியாது. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீட்டிலேயே. இரு பிரிவுக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டு. 1959-ல் வெளியான முடிவு உலகத்தைத் திருப்பிப்போட்டது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கும் நோய் அதிகம் தொற்றவில்லை. மருந்து தொடங்கிவிட்டால் பரப்பும் சக்தி சீக்கிரமே அடங்கிவிடுகிறது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். ஹாவர்த் வீட்டுக்கு நூறாண்டு பிந்திய செய்தி.

பாபேஜ் சொன்ன தீர்வுகளுக்கு வருவோம். சாக்கடை கட்டு, நீர்த்தேக்கம் கட்டு, கல்லறைத் தோட்டத்தை மூடு. கெட்ட நாற்றம்தான் நோய் பரப்புகிறது என்று லண்டன் நிபுணர்கள் நம்பிய காலம் அது. காரணம் தப்பு, செய்யச் சொன்ன வேலை சரி. கல்லறைகளைப் பற்றி அவர் கூர்ந்து கவனித்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே சமாதிமேல் பலகைக் கல்லைப் படுக்கையாகப் போட்டு மூடுவது வழக்கம். கல் மூடிய மண்ணுக்குள் காற்று இறங்காது. புல், செடி முளைக்காது. காற்றில்லாத மண்ணில் உடல் சீக்கிரம் மக்காமல் ஊறிக் கிடக்கும். இனிமேல் படுக்கைக் கல் கூடாது, மரம் வளர்க்க வேண்டும் என்றார். வேர் மண்ணைத் தளர்த்தும், ஈரத்தை உறிஞ்சும்.

வரி ஏறும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். பேட்ரிக் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். நீர்த்தேக்கம் வருவதற்குள் 1855 பிறந்துவிட்டது. பிப்ரவரியில் வீட்டின் பழைய வேலைக்கார மூதாட்டி வயிற்று நோயில் இறந்தார். மார்ச் 31-ல் சார்லட், வயிற்றில் பிள்ளையோடு, 38 வயதில். சான்றிதழில் காசநோய் என்று இருக்கிறது. எதைச் சாப்பிட்டாலும் நிற்காத கடும் மசக்கை வாந்தியே காரணமாயிருக்கலாம் என்பது இன்றைய மருத்துவர்கள் பலரின் கணிப்பு. மூதாட்டியிடமிருந்து டைபாய்டு தொற்றியிருக்கலாம் என்பாரும் உண்டு.

மகள்களின் நாவல்கள் எல்லா மொழிக்கும் போயின. அப்பாவின் மனுக்களுக்கு அந்தப் பேறு இல்லை. அவர் எழுதியதிலேயே உருப்படியானவை அவைதான் என்பது என் கட்சி. ஆறு பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு 1861-ல், 84 வயதில் இறந்தார்.

ஹாவர்த் போகிறவர்கள் மாடியில் முன்பக்க ஜன்னலருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். கல்லறைகளுக்கு மேலே ஓங்கி வளர்ந்த மரங்கள் தெரியும், காகங்கள் கத்தும், பார்க்க ஒரு நாவலின் காட்சி போலவே இருக்கும். சகோதரிகள் பார்த்தது அதை இல்லை. அவர்களுக்கு எதிரே இருந்தது வெறும் கல். அந்த மரங்களை நட்டது 1864-ல்.